வாசிப்பின் ஒழுங்குகள்: ஊவாத் தோட்டத் திருச்சபைகளில் வேத தியான மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

வேதாகமத்தைத் தொடர்ந்து வாசித்துத் தியானிப்பது கிறிஸ்தவ வாழ்வின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதில் திருச்சபைப் பிரிவுகள் தம்முள் முரண்படுவதில்லை. எவ்வளவு வாசிப்பது, எந்த வரிசையில் வாசிப்பது, தனித்தா கூடியா வாசிப்பது, வாசித்ததன் பொருளை யார் உறுதிசெய்வது என்னும் வினாக்களுக்கே அவை வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. அவ்விடைகளே காலப்போக்கில் தனித்தனி நெறிகளாக உருப்பெற்றன. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையில் உள்ள கொஸ்லந்தவும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் இந்நெறிகள் பலவும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிலப்பகுதியில் அமைந்துள்ளன. மேலே ஹப்புத்தளையில் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமும், பதுளையில் 1857ஆம் ஆண்டு எழுந்த அங்கிலிக்கன் புனித மாற்கு ஆலயமும், மெதடிஸ்த திருச்சபையின் பணித்தளங்களும், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் நடுவே கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் இம்மலைநாட்டு மக்களின் வாழ்வோடு கலந்தவை.

ஆன்மிக வளர்ச்சி என்பது இங்கு உணர்ச்சிப் பெருக்கையோ வேத அறிவின் அளவையோ குறிப்பதன்று. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் பால் உண்ணும் குழந்தையையும் திட உணவு உண்ணும் முதிர்ந்தவரையும் ஒப்பிட்டு, நன்மை தீமையைப் பகுத்தறியப் புலன்கள் பழகியிருப்பதே முதிர்ச்சியின் அடையாளம் என விளக்குகிறது. பழக்கத்தால் வருவது முதிர்ச்சி என்றால், அப்பழக்கத்தைக் காத்துநிற்பது எது என்ற வினா எழுகிறது. தனிமனிதரின் மனவுறுதி மட்டுமே அதற்குப் போதும் என்று எந்த நெறியும் நம்பவில்லை என்பதும், ஒவ்வொன்றும் வாசகரைத் தாங்கி நிற்கும் ஓர் ஒழுங்கை, அதாவது நாட்காட்டியையோ குழுவையோ மனனத்தையோ நேர அட்டவணையையோ, அமைத்துத் தந்தது என்பதும் இம்மரபுகளை ஒருசேர நோக்கும்போது தெளிவாகின்றன.

செவிவழி வந்த வேதம்

தமிழில் வேதாகமம் அச்சேறிய வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்த அவரது பணியை, 1719இல் அவர் மறைந்த பின் பெஞ்சமின் சூல்ச் தொடர்ந்து நிறைவேற்றினார். இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில், தமிழரான பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1759இல் கொழும்பில் அச்சிடப்பட்டது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே இன்றளவும் புரட்டஸ்தாந்து சபைகளின் நாவில் நிலைத்திருக்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்து கத்தோலிக்க ஆலயங்களில் வழக்குப் பெற்றது. 1812இல் கொழும்பில் தோன்றிய வேதாகமச் சங்கம் இத்தீவில் வேதப் பிரதிகளைப் பரப்பும் பணியை ஏற்றுக்கொண்டது.

எனினும், நூல் அச்சேறுவதும் அது மக்கள் கையில் புழங்குவதும் வேறுவேறு. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள். 1850களின் நடுப்பகுதியில், கிறிஸ்தவத் தோட்டத்துரைமார் சிலரின் ஆதரவோடு, 'தமிழ்க் கூலி மிஷன்' என அக்காலத்தில் பெயர்பெற்ற அங்கிலிக்கன் நற்செய்திப்பணி தொடங்கப்பட்டபோது, அதன் முதுகெலும்பாக விளங்கியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாதவர்; வேதத்தை வாசித்து விளக்கவும், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்யவும், குருவானவர் வராத நாட்களில் ஆராதனை நடத்தவும் பணிக்கப்பட்ட பொதுநிலைப் பணியாளர். தோட்டம் தோட்டமாக நடந்துசென்று, வேலை முடிந்து மக்கள் லயத்துக்குத் திரும்பிய பின் விளக்கொளியில் அவர் வாசிக்க, கூடியிருந்தோர் கேட்டதே மலையகத்தின் முதல் வேதபாட வகுப்பு.

கேள்வியால் வந்த இம்மரபு தனக்கென ஒரு பயிற்சியை வளர்த்துக்கொண்டது. கேட்ட பகுதியைக் கேட்டோர் திரும்பச் சொல்வது, கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை வினாவிடை முறையில் மனனம் செய்வது, கீர்த்தனைகளின் வழியாக வேதக் கதைகளை நினைவில் பதிப்பது என்பன அதன் கூறுகள். எழுத்தறியாத தாய் ஒருத்தி பல சங்கீதங்களை முழுமையாகச் சொல்லக்கூடிய நிலை இதனால் உண்டாயிற்று. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டமையாலும், 1970களின் இறுதியில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை அவற்றின் தரம் தோட்ட நிர்வாகத்தின் விருப்பைச் சார்ந்திருந்தமையாலும், பல தலைமுறைகளுக்கு ஞாயிறு பாடசாலையே எழுத்துப் பயிற்சியின் இரண்டாவது வாயிலாக இருந்தது. ஆகவே தனியாக அமர்ந்து நூலைப் புரட்டுவதே உண்மையான வேத தியானம் எனக் கருதி, கூடிக் கேட்பதை அதற்குக் கீழான படியாக மதிப்பது இம்மண்ணின் வரலாற்றுக்குப் பொருந்தாது.

திருச்சபை நாட்காட்டி வழி நெறி

முதல் நெறி, எந்நாளில் எப்பகுதி வாசிக்கப்பட வேண்டும் என்பதைத் திருச்சபையே வகுத்துத் தருவது. இவ்வாறு நாள்தோறும் ஞாயிறுதோறும் வாசிக்க வேண்டிய பகுதிகளை வரிசைப்படுத்திய அட்டவணைக்கு வாசகப் பட்டியல் என்று பெயர். 1549இல் கிரான்மர் தொகுத்த ஆங்கிலத் திருச்சபையின் பொதுச் செபப் புத்தகம், காலை மாலை ஆராதனைகளில் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும் புதிய ஏற்பாடு ஆண்டுக்கு மும்முறையும் வாசிக்கப்படுமாறு திட்டமிட்டது. 150 சங்கீதங்களையும் முப்பது நாட்களுக்குப் பகிர்ந்து, மாதந்தோறும் முழுச் சங்கீதப் புத்தகமும் சபையின் வாயில் ஒலிக்கச் செய்தது. கத்தோலிக்கத் திருச்சபையில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, பொதுநிலையினர் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1969இல் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியாக்கப்பட்டு, முதலாண்டில் மத்தேயு, இரண்டாமாண்டில் மாற்கு, மூன்றாமாண்டில் லூக்கா என நற்செய்திகள் வரிசையாக வாசிக்கப்படும் முறை நடைமுறைக்கு வந்தது.

இந்நெறியின் வலிமை, வாசகரின் விருப்பு வெறுப்புக்கு அது இடங்கொடுப்பதில்லை என்பதே. மகிழ்ச்சியான நாளில் புலம்பலும், துயருற்ற நாளில் நன்றிப் பாடலும் அட்டவணைப்படி வந்து சேர, மனிதர் தமக்குப் பிடித்த பத்து வசனங்களுக்குள் சுருங்கிவிடாமல் காக்கப்படுகின்றனர். அதன் குறை, வாசகம் ஆலயத்தோடு நின்றுவிடக்கூடும் என்பது. குருவானவர் மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் வரக்கூடிய தோட்டச் சிற்றாலயங்களில், எஞ்சிய ஞாயிறுகளில் அட்டவணையைக் காப்பது அங்குள்ள பொதுநிலை வாசகர்களின் பொறுப்பாகவே அமைகிறது.

துறவற நெறி

இரண்டாவது நெறிக்கு ஊவாவில் கண்கூடான சின்னம் உண்டு. தோட்டத்துறையிலும் வணிகத்திலும் செல்வாக்குப் பெற்றிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் ஹப்புத்தளையில் கட்டிய அடிஷம் மாளிகை, 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபையின் சில்வெஸ்திரியக் கிளையைச் சேர்ந்த துறவியரின் மடமாயிற்று. இச்சபையினர் 1845இலேயே இலங்கைக்கு வந்தவர்கள். அவர்கள் பின்பற்றும் ஒழுங்கு 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதியது. அதன் 48ஆம் அதிகாரம் நாளைக் கைவேலைக்கும் இறைவாசிப்புக்கும் மணிக்கணக்கில் பகிர்ந்தளிக்கிறது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவியும் ஒரு நூலைப் பெற்று அதைத் தொடக்கம் முதல் வரிசையாக முழுவதும் வாசிக்க வேண்டும் என்றும், வாசிப்பு வேளையில் எவரும் சோம்பியிராதபடி மூத்தவர்கள் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. தொழிலும் வாசிப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல, ஒரே நாளின் இரு பாதிகள் என்ற இக்கருத்து உடலுழைப்பையே வாழ்வாகக் கொண்ட தோட்ட மக்களுக்கு அணுக்கமானது.

இறைவாசிப்பு என்பது தகவலுக்காக வாசிப்பதன்று. 12ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ அதனை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: பகுதியை மெதுவாக வாசித்தல், ஒரு சொல்லையோ காட்சியையோ பற்றிக்கொண்டு சிந்தித்தல், அச்சிந்தனையைச் செபமாக்கிக் கடவுளிடம் பேசுதல், இறுதியில் பேச்சடங்கி அவர் முன்னிலையில் இருத்தல். இப்படிகளில் எதையும் தாண்டிச் செல்ல இயலாது; வாசியாமல் சிந்திப்பது கற்பனையாகவும், சிந்தியாமல் செபிப்பது பழகிய சொற்களின் அடுக்காகவும் முடியும். குறைந்த அளவு வாசித்து நெடுநேரம் தங்குவதே இந்நெறியின் இலக்கணம் என்பதால், நாள்தோறும் பத்து வசனங்களுக்கு மேல் வாசிக்க நேரமில்லாதவரும் இதில் முழுப்பங்கு பெறலாம்.

பெனடிக்ட் சபையிலிருந்து வந்த மற்றோர் ஓடை ஊவாவில் வேறு திசையில் பாய்ந்தது. 1972 டிசம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார என்னும் சில்வெஸ்திரியத் துறவி, வசதிமிக்க பழைய ஆசனத்தை விட்டு இப்புதிய ஏழை மறைமாவட்டத்தைத் தேர்ந்துகொண்டு 1982இல் மறையும் வரை அதன் ஆயராகப் பணியாற்றினார். பண்டாரவளையில் அவர் நிறுவிய 'சேவக செவண' குருத்துவக் கல்லூரி, குருமாணவர்கள் மக்களின் வாழ்நிலைக்குள் இருந்தே இறையியல் கற்க வேண்டும் என்னும் நோக்கில் அமைக்கப்பட்டது. மறைநூலை மடத்தின் அமைதியில் வாசிப்பதும், மக்களின் பாடுகளுக்கு நடுவே வாசிப்பதும் ஒரே துறவற வேரிலிருந்து எழ முடியும் என்பதற்கு அடிஷமும் சேவக செவணவும் சேர்ந்தே சான்றாகின்றன.

குழு நெறியும் அட்டவணை நெறியும்

மூன்றாவது நெறி சிறு குழுவை அடிப்படையாகக் கொண்டது. ஜெர்மனியில் 1675இல் பிலிப்பு ஸ்பேனர், பிரசங்கத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல் விசுவாசிகள் வீடுகளில் கூடி வேதத்தை வாசித்து உரையாட வேண்டும் என்று எழுதினார். சீகன்பால்கு வந்த ஹாலே நகரத்து பக்திமரபு இதிலிருந்தே கிளைத்தது. இங்கிலாந்தில் ஜோன் வெஸ்லி 1742 முதல் தம் சங்கத்தாரை ஏறத்தாழ பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவரை நியமித்தார். கடன் தீர்க்க வாரம் ஒரு பென்னி சேகரிக்கும் ஏற்பாடாகத் தொடங்கிய இவ்வகுப்பு, உறுப்பினர் ஒவ்வொருவரும் அவ்வாரத்தில் தம் ஆன்ம நிலை எவ்வாறிருந்தது என்று மனந்திறந்து கூறும் களமாக வளர்ந்தது. மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தபோது இவ்வழக்கத்தையும் உடன்கொண்டு வந்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களது பணி ஊவாவிலும் வேரூன்றியது. வாசித்ததன்படி நடந்தாயா என்று கேட்க இன்னொரு மனிதர் இருப்பதே வாசிப்பைக் காக்கிறது என்பது இந்நெறியின் உள்ளுரை.

நான்காவது, தனிமனிதருக்கு நாளாந்தப் பகுதியை வகுத்துத் தரும் அட்டவணை நெறி. ஸ்கொட்லாந்தின் டண்டி நகரப் போதகர் ரொபர்ட் மர்ரே மக்செயின் 1842இல் தம் சபையாருக்காக வகுத்த ஓராண்டுத் திட்டம், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறை வாசிக்கச் செய்தது. சிறுவர் ஊழியமாக லண்டனில் தோன்றிய ஸ்கிரிப்சர் யூனியன் 1879இல் நாளாந்த வாசிப்பு அட்டையை வெளியிட்டது. ஒரே நாளில் உலகின் பல மூலைகளில் உள்ளவர்கள் ஒரே பகுதியை வாசிக்கிறார்கள் என்ற உணர்வு, தனித்து வாசிப்பவரையும் ஒரு கூட்டத்தின் உறுப்பாக்கியது. பின்னாளில் அட்டையோடு சிறு விளக்கக் குறிப்புகளும் சேர்ந்து, இன்று தமிழ்ச் சபைகளில் பரவலாயுள்ள அனுதின தியான நூல்களாக வளர்ந்தன. இந்நூல்களில் மறைந்துள்ள ஆபத்து, வேதப்பகுதியைத் திறக்காமலே தியான எழுத்தாளரின் அரைப்பக்கத்தோடு நாளை முடித்துக்கொள்ளும் பழக்கம் ஆகும்.

ஆராய்ச்சி நெறியும் மக்கள் நெறியும்

ஐந்தாவது நெறி, பகுதியைப் பகுத்தாராய்வது. முன்முடிவோடு அணுகாமல், பகுதியில் உள்ளதைக் கண்டபின் பொருள் காண்பதால் இது தொகுத்தறி முறை எனப்படும். இதன் படிகள் மூன்று: பகுதியில் யார், எங்கே, எப்போது, எதன் தொடர்ச்சியாக என்பன போன்ற விவரங்களைக் கவனித்தல், முதலில் எழுதியவரும் கேட்டவரும் அதை எவ்வாறு புரிந்துகொண்டிருப்பர் என விளக்கம் காணுதல், பின்னரே இன்றைய வாழ்வுக்குப் பொருத்துதல். ரொபர்ட் டிரெய்னா 1952இல் எழுதிய நூல் இம்முறையைச் செவ்வையாக ஒழுங்குபடுத்தியது. மாணவர் ஐக்கியங்கள் வழியாகப் பரவிய இம்முறை, படித்த இளையோர் பெருகிவரும் தோட்டச் சபைகளில் இன்று வேரூன்றத் தக்கது. 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி, தமிழிலும் சிங்களத்திலும் போதகர்களைப் பயிற்றுவிப்பதன் வழி, இத்தகைய ஆழ்ந்த வாசிப்புக்குத் தாய்மொழியில் வழிகாட்டுவோரை உருவாக்கிவந்துள்ளது.

1920களில் கொழும்பில் தொடங்கிப் பின் மலைநாட்டில் வேகமாகப் பரவிய பெந்தெகொஸ்தே சபைகள், வார நாட்களில் நடைபெறும் வேதபாடக் கூட்டத்தையும் உபவாச செபத்தையும் வாழ்வின் அச்சாக்கின. தொகுத்தறி முறைக்கு மாறாக, ஒரு தலைப்பை எடுத்து வேதாகமம் முழுவதிலுமிருந்து ஒத்த வசனங்களைத் திரட்டி விளக்குவது அங்கு மிகுதி. சபையார் ஒவ்வொருவரும் வேதாகமத்தைக் கையில் கொண்டுவந்து, போதகர் சொல்லும் வசனத்தை உடனே எடுத்து வாசிக்கும் பயிற்சி வேறெந்தச் சபையிலும் இவ்வளவு பரவலாக இல்லை. ஒத்த வசனங்களை இணைக்கும் வேகத்தில் அவற்றின் முன்பின் தொடர்பு விடுபட்டுப் போவதே இம்முறை கவனிக்க வேண்டிய இடம்.

ஆறாவதாக வருவது மக்கள் நெறி. தென்னாபிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்து, ஆசியக் கத்தோலிக்கச் சபைகளில் அன்பியங்கள் என்னும் அயலவர் குழுக்கள் வழியாகப் பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், உள்ளத்தைத் தொட்ட சொற்களை உரக்கச் சொல்லுதல், மௌனம் காத்தல், பகிர்தல், தம் குடியிருப்பில் செய்ய வேண்டிய பணியைக் கூடி முடிவுசெய்தல், செபித்தல் என்பன அப்படிகள். வழிநடத்துபவருக்கு இறையியல் பட்டம் தேவையில்லை என்பதால், லயத்தின் ஒரு காம்பராவில் பத்துப்பேர் கூடும் குழுவுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது.

இந்நெறியின் பயன், வாழ்வனுபவம் வேதத்தின் மேல் ஒளி வீசுவதில் வெளிப்படும். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணிவேளையில் அழைக்கப்பட்டவர்களுக்கும் முழுக்கூலி கொடுக்கப்படும் உவமையை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேரே, அதாவது அரைநாள் கூலியே, விழும் என்பதை அறிந்தவர்கள், அந்தத் தோட்டக்காரன் அனைவருக்கும் முழுப்பேர் போட்டதன் அதிர்ச்சியையும் அதில் அடங்கிய இரக்கத்தையும் உரைநூல்களின் துணையின்றியே உணர்வர். யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாகக் கூறும் பகுதியும் அவ்வாறே. எனினும், தம் அனுபவத்தை உறுதிசெய்யும் பகுதிகளை மட்டுமே தேர்ந்து வாசிக்கும் சாய்வு இந்நெறியிலும் புகக்கூடும். அதைத் தடுக்க வாசக அட்டவணையும் ஆராய்ச்சி முறையும் துணையாக வேண்டும்.

அளவுகோல்கள்

நெறிகள் பலவாயினும், நல்ல வேத வாசிப்பை அளக்கும் கோல்கள் பெரும்பாலும் பொதுவானவை. அவற்றுள் முதலாவது தொடர்ச்சி. முதலாம் சங்கீதம் இரவும் பகலும் தியானிப்பவரையே நீர்க்கால்களின் ஓரம் நடப்பட்ட மரமாகக் காண்கிறது. உபாகமம் 6ஆம் அதிகாரம் வீட்டிலும் வழியிலும் படுக்கும்போதும் எழும்போதும் பேசப்பட வேண்டிய ஒன்றாகக் கட்டளைகளை விதிக்கிறது. தொடர்ச்சிக்குத் தகுந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். புரட்டஸ்தாந்து வேதாகமத்தின் 66 புத்தகங்களில் உள்ள 1189 அதிகாரங்களையும் வாரநாட்களில் மூன்றும் ஞாயிறன்று ஐந்துமாக வாசித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். கத்தோலிக்க வேதாகமத்தின் 73 புத்தகங்களுக்குச் சற்றுக் கூடுதல் வேண்டும். அவ்வளவு இயலாதவருக்கு, புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்கள் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என 52 வாரங்களில் சரியாக நிறைவெய்தும். அதிகாலையிலேயே வீட்டு வேலை முடித்து மலையேறி, மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படியில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம், ஒரு மணிநேர அமைதியைக் கோரும் திட்டம் அவரைக் குற்ற உணர்வுக்கே ஆளாக்கும்; மாலைக் குடும்பச் செபத்தில் பிள்ளை ஓர் அதிகாரம் வாசிக்க அவர் கேட்பது, வேறெதையும் விட நீடித்து நிற்கக்கூடிய ஒழுங்கு.

இரண்டாவது அளவுகோல், சூழலறிந்து வாசித்தல். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது, மக்கள் விளங்கிக்கொள்ளும்படி அர்த்தமும் உடன் சொல்லப்பட்டது. வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இலுமே அமைந்தவை. தேடி எடுக்கும் வசதிக்காக இடப்பட்ட அவ்வெண்கள் வசனத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் உரிமையைத் தரவில்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் இடம்பெறும் எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் இதற்குத் தக்க சான்று. நல்ல எதிர்காலத்தை உறுதிசெய்யும் அவ்வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் உள்ளது; அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டுக் காத்திருப்பைக் கூறுகிறது, அதற்கும் முன்பாக, அந்நிய மண்ணிலேயே வீடு கட்டித் தோட்டம் நாட்டி அந்நகரின் நலனுக்காக மன்றாடும்படி கட்டளை இருக்கிறது. தலைமுறைகள் கடந்தும் தாம் வாழும் லயத்துக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் உரிமை தேடும் சமூகத்துக்கு, தனியே நிற்கும் 11ஆம் வசனத்தை விட முழுக்கடிதமும் பன்மடங்கு பேசும்.

மூன்றாவது அளவுகோல், சபையின் துணையும் சோதனையும். அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அமைச்சர் வழிகாட்ட ஒருவர் இல்லாமல் விளங்காது என்றார். 17ஆம் அதிகாரத்தில் பெரேயா பட்டணத்தார் பவுல் போதித்ததையும் வேதத்தோடு ஒப்பிட்டுத் தினமும் ஆராய்ந்ததற்காகப் பாராட்டப்பட்டனர். வழிகாட்டி வேண்டும் என்பதும், வழிகாட்டி சொல்வதும் ஆராயப்பட வேண்டும் என்பதும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் விதிகள்.

இவ்வளவுகோலின் தேவையைக் கொஸ்லந்த மிகக் கொடிய விதத்தில் அறிந்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. இத்தகைய அழிவுகளின்போது, மாண்டவர்களின் பாவமே காரணம் எனச் சில வசனங்களைக் கோத்துத் தீர்ப்புச் சொல்லும் குரல்கள் எங்கும் எழுவதுண்டு. தொடர்ந்து முழு வேதாகமத்தையும் வாசிக்கும் சபை, லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களை விடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே மறுத்துரைத்ததையும், யோபுவின் நண்பர்கள் இதே வாதத்தை நீட்டிப் பேசி இறுதியில் கடவுளால் கண்டிக்கப்பட்டதையும், புலம்பல் சங்கீதங்கள் விடை கிடைக்காத கேள்வியோடும் செபிக்க இடம் தருவதையும் அறிந்திருக்கும். அவ்வறிவு துயரநாளில் தேடி எடுக்கக் கூடியதன்று; அதற்கு முந்தைய பல சாதாரண நாட்களில் சேர்ந்திருக்க வேண்டியது.

நான்காவது அளவுகோல் செயல். வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவரை யாக்கோபு தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவர் என்கிறார். இரண்டாம் தீமோத்தேயு 3ஆம் அதிகாரமும் வேதவாக்கியங்களின் பயனைப் போதனை, கண்டிப்பு, திருத்தம், நீதியில் பயிற்சி என வரிசைப்படுத்தி, நற்செயலுக்கு ஆயத்தமாவதையே முடிவாகக் காட்டுகிறது. குடிப்பழக்கம் குறைந்ததா, மனைவியை அடிக்கும் கை நின்றதா, பிள்ளை பள்ளியிலிருந்து இடைவிலகாமல் காக்கப்பட்டதா, அயல் லயத்துக்காரரோடு இருந்த பகை தீர்ந்ததா என்பன தோட்டத்து வாழ்வில் இவ்வளவுகோலின் நடைமுறை வினாக்கள்.

இன்றைய நிலையும் தேவையும்

கைத்தொலைபேசி வேதாகமத்தை அனைவர் கையிலும் கொண்டுசேர்த்திருக்கிறது. எழுத்தறியாதவர் ஒலிவடிவில் கேட்கவும், இளையோர் பல மொழிபெயர்ப்புகளை ஒப்பிடவும் அது வழிசெய்கிறது. உபதேசியாரின் குரலுக்காகக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும்பேறு. ஆனால், மேற்கண்ட ஒவ்வொரு நெறியும் வாசகருக்கு அமைத்துத் தந்த தாங்குதூணைத் தொலைபேசி தானாகத் தருவதில்லை. காலைதோறும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் ஒற்றை வசனத்துக்குத் தொடர்ச்சி உண்டு, சூழல் இல்லை. யூடியூப் பிரசங்கத்துக்கு விளக்கம் உண்டு, கேட்டவர் அதன்படி நடந்தாரா என வினவும் வகுப்புத் தலைவர் இல்லை. வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் இளையோர் செல்வதால் குடும்பச் செபத்தில் வாசிப்பவர் இல்லாமற்போகும் வீடுகளும் பெருகுகின்றன.

ஆகவே மலையகச் சபைகளின் முன்னுள்ள பணி புதிய முறையொன்றைக் கண்டுபிடிப்பதன்று. தம் கைவசமுள்ள மரபுகளை ஒன்றோடொன்று பிணைப்பதே. ஞாயிறு வாசக அட்டவணை தரும் பகுதியையே அவ்வாரத்தின் வீட்டுக்கூட்டத்துக்கும் உரிய பகுதியாக்கலாம். அதை முதலில் ஆராய்ச்சி முறையில் விளங்கிக்கொண்டு, பின் இறைவாசிப்பு முறையில் அதில் தங்கி, இறுதியில் தம் லயத்தில் செய்ய வேண்டியதைக் கூடி முடிவுசெய்யலாம். உயர்தரம் முடித்த இளைஞர் யுவதியரை ஒவ்வொரு தோட்டத்திலும் வாசகர்களாகப் பயிற்றுவித்து, பழைய உபதேசியாரின் இடத்தில் நிறுத்தலாம். சபை வேறுபாடுகளைக் கடந்து, ஒரே பகுதியை ஒரே வாரத்தில் வாசிக்க உடன்படும் தோட்டத்தில், திருவிவிலியத்தை வைத்திருப்பவரும் பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்பவரும் ஒருவருக்கொருவர் உரையாசிரியராவர்.

தொடர்ந்து வேதம் வாசிக்காதவரைச் சோம்பேறி என்றோ விசுவாசம் குன்றியவர் என்றோ கடிந்துகொள்வது எளிது. ஆனால் இரு நூற்றாண்டு கால மரபு அவரிடம் கேட்பதற்கு முன் சபையிடமே கேட்கிறது. அவர் வாசிக்க இயலாத நாளில் அவருக்கு வாசித்துக் காட்டுபவர் யார், விளங்காத இடத்தில் உடன் அமர்பவர் யார், வாசித்ததை வாழ்ந்தாரா என அன்போடு கேட்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு தோட்டச் சபை பெயர் சொல்லி விடையளிக்க முடியுமானால், அங்கு வேத தியானம் நிலைபெற்றிருக்கிறது என்று துணிந்து கூறலாம்.